குறைத்து எழுதிய ஓர் அங்குலம்

குஞ்சு,

நீ மேல்படிப்புக்குக் கார்ஹிங்குக்குப் போய் இன்றோடு பதினொரு நாள். உன் அறையின் யன்னலை இரண்டு தரம் திறந்து காற்று வர விட்டதைத் தவிர அங்கே நான் எதையும் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் நீ விட்டுப்போன ஒற்றைக் காலுறைகூட விட்ட இடத்திலேயே கிடக்கிறது. அப்பாவுக்கு இன்று சனிக்கிழமை வேலை. இந்த மழைக்குள் பெர்லின் நொய்கெல்னின் ஏதாவதொரு தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, குடையை மடக்கத் தெரியாமல் வாசலில் நிற்கும் யாரையோ பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருக்கிறேன். தனியே இருந்து அழுகிறேன் என்று நினைத்துவிடாதே. உனக்கு மாஸ்டர் படிக்க இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று, தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் நான் மேலே ஏறினேன். உனக்கே பிறகுதான் தெரியும். நீ போனதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் நீ போவதற்கு முன் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தமிழில் எழுதுகிறேன். ஜெர்மனில் எழுதினால் நீ முதலில் பிழை திருத்துவாய், பிறகுதான் வாசிப்பாய். அதோடு, தமிழை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படித்தும் வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டு போகிற பழக்கம் உனக்கு விட்டுப்போகவில்லை. இதையும் அப்படியே வாசி. வேகமாக வாசித்தால் நடுவிலேயே கோபம் வந்துவிடும். நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தை நமது பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம் என்றும் நினைக்கிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாமார் நாலு பேர் வாசிக்கட்டும். அதற்காகத்தான் உன் பெயரை எழுதாமல் வீட்டில் கூப்பிடுகிற மாதிரிக் குஞ்சு என்று எழுதுகிறேன். நீ வேண்டாம் என்றால் இது நம் இரண்டு பேரோடும் இருக்கும்.

விசயம் சுபாவின் கலியாணம். ஈஸ்டர் விடுமுறையில் டோர்ட்முண்டில் நடக்கப்போகிறது. அப்பாவின் அக்காவின் மகள் என்றாலும் நீயும் அவளும் கூடப்பிறந்தவர்கள் மாதிரித்தான் வளர்ந்தீர்கள். கலியாணப் பொம்பிளைக்குத் தோழிகளாக ஆறு பெட்டைகள் நிற்கப்போகிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே நிறச் சாறி. சாறிச் சட்டைகளை யாழ்ப்பாணத்தில் ஒரே தையல்காரி தைக்கிறாள். ஐந்து பேரின் அளவு போய்விட்டது. உன்னுடையது போகவில்லை. நீ எல்லாருக்குமாக ஒரே வரி எழுதிப் போட்டிருந்தாய்: "நான் சாறி கட்டமாட்டன். கட்டத்தான் வேணுமெண்டால் நான் வரேல்லை." சுபா எனக்கு ஃபோன் எடுத்து அழுதாள். அவளின் அம்மா, உன் மாமி, எடுத்துக் கோபித்தார். "பிள்ளை இப்ப படிச்சுப் பெரியாளாகீட்டாள். எங்கட உடுப்பு அவளுக்கு இனிச் சரிவராது போல" என்றார். நீ சாறியை வெறுக்கிறாய் என்றோ எங்களை விட்டு விலகுகிறாய் என்றோ எல்லாரும் நினைக்கிறார்கள். நீ ஏன் கட்டமாட்டாய் என்பதில் பாதி உனக்குத் தெரியும். மற்றப் பாதி பத்து வருடமாக எனக்கு மட்டும்தான் தெரியும். அது தெரியாமல் நீ சுபாவின் கலியாணத்தைத் தவறவிட்டால், அந்தப் பிழை உன்னுடையதாக இருக்காது.

உன் சாமத்திய வீட்டை நினைத்துப் பார். நீ பெரிய பிள்ளையானது மாசி மாதம். பெர்லினில் நல்ல மண்டபம் வேண்டுமென்றால் அரை வருடத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையும் பார்க்க வேண்டும். அதனால் விழாவை ஆவணியில் வைத்தோம். உடம்பு நாள் பார்த்தா மாறுகிறது? ஆனால் ஊரிலிருந்து சாறியும் சட்டையும் வந்துசேரவேண்டும் என்பதற்காக அளவை மாசியிலேயே அனுப்பினோம். நீ அப்போது சொன்னது இப்பவும் காதில் கேட்கிறது. "அம்மா, என்ர கிளாசில ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் நான் அந்த அன்னத்தேருக்குள்ள ஏறமாட்டன், சொல்லிப்போட்டன்." சக்கரம் வைத்த அந்த வெள்ளை அன்னம் மண்டபத்துக்குள் உன்னை ஏற்றிக்கொண்டு வந்தபோது ஒரு சில்லு கிரீச்சிட்ட சத்தத்தில் நாதஸ்வரப் பாட்டே கேட்கவில்லை. அப்பா பின்னால் வந்துகொண்டே, "எண்ணெய் விட மறந்திட்டாங்கள்" என்று ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்தினார். நீ சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாய். அந்த நாளில் உனக்கு உண்மையாகச் சிரிப்பு வந்தது அந்த ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அளவு எடுத்தது இதே குசினியில், குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால். நீ பெனியனோடு நின்றாய். நான் அளவு நாடாவை உன் நெஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "மூச்சை இழுத்துப் பிடி, வயித்தை உள்ளுக்கு எக்கு" என்றேன். நீ கன்னம் இரண்டையும் ஊதிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தாய். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கை. நாடா பதினொன்றரை என்று காட்டியது. நான் தாளில் பத்தரை என்று எழுதினேன். நெஞ்சிலும் ஓர் அங்குலம், இடுப்பிலும் ஓர் அங்குலம். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று குறைத்தேன். கை தவறி எழுதவில்லை குஞ்சு. யோசித்துத்தான் எழுதினேன். மாமி முந்தின கிழமை வந்தபோது, "பிள்ளைக்குக் கை கொஞ்சம் மொத்தம். படத்தில தெரியும், பாரும்" என்று சொல்லியிருந்தார். ஆறு மாதம் இருக்கிறதே, அதற்குள் உன்னை மெலியவைத்துவிடலாம், சட்டை சின்னதாக வந்தால் அதற்குள் அடங்குவதற்காகவாவது நீ மெலிவாய் என்று எனக்கு ஒரு கணக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் வளரும் என்பது விலங்கியல் படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

அந்தத் தையல்காரி எனக்குத் தப்பிக்க ஒரு வழியும் காட்டினாள். ஃபோனில் கேட்டாள்: "அக்கா, கை அளவு சரியோ? வளருற பிள்ளையெல்லோ. உள்ளுக்குக் கொஞ்சம் துணி விட்டுத் தைச்சால் பிறகு பிரிச்சு விடலாம்." நான், "வேண்டாம். எழுதினபடி தையுங்கோ" என்றேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உனக்கே ஞாபகம் இருக்கும். இரவில் சோறில்லை. வெள்ளரிக்காய். சுபாவின் பிறந்தநாளில் எல்லாப் பிள்ளைகளும் ரோல்ஸ் தின்ன, நான் உன் தட்டில் இருந்ததை எடுத்து அப்பாவுக்குக் கொடுத்தேன். உன் புத்தகப் பையில் பேக்கரிக் கடதாசிப் பையைக் கண்டுபிடித்த அன்று நான் சொன்ன சொல்லை இங்கே எழுத எனக்கு ஏலாது. நீ அதை மறந்திருந்தால் நல்லது. நீ மெலியவில்லை. நான்கு விரற்கடை உயர்ந்தாய்.

விழா அன்று மண்டபத்துக்குப் பின்னாலிருந்த அறையில் அந்தச் சட்டை உன் முழங்கைக்கு மேலே ஏறவில்லை. அலங்காரம் செய்ய வந்த அக்கா என்னைப் பார்த்தார், நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் சின்னக் கத்தரிக்கோலால் இரண்டு கமுக்கட்டுத் தையலையும் பிரித்து, முதுகுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, ஏழு பின் குத்தி இழுத்துச் சேர்த்தார். மேலே சாறித் தலைப்பு மூடிக்கொண்டது. வெளியே மேளம் தொடங்கிவிட்டது. அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். கண்ணில் மை போட்டிருந்ததால் அழாமல் இருக்கப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "சொறி அம்மா. நான் கொழுத்துப் போனன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வசனம் போதும். "இல்லைப் பிள்ளை, அம்மாதான் அளவைப் பிழையாக் குடுத்தனான்." அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். நான் சொன்னது வேறு: "பரவாயில்லை. சிரிச்சுக்கொண்டு நில்." நீ நாலு மணித்தியாலம் சிரித்துக்கொண்டு நின்றாய். வந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி உன் தோளில் கை வைத்துப் படம் எடுத்தபோது நீ கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்தாய். கூச்சம் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது முதுகில் ஓரிடத்தில் பின் கீறியிருந்தது. இரண்டு கையிலும் விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு. நான் எண்ணெய் பூசிவிட்டேன். நீ எனக்கு நன்றி சொன்னாய்.

செய்யாத பிழைக்கு ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்க, செய்தவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். என் கதையில் இதைவிட மோசமாக எழுத ஒன்றுமில்லை. பிறகு நான் படக்காரரிடம் போய், வரவேற்பறையில் மாட்டுகிற பெரிய படத்தில் "கையைக் கொஞ்சம் சரிபண்ணி விடுங்கோ" என்று கேட்டதும் உண்மைதான். அவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் செய்வார்கள் என்று நீ பதினைந்து வயதில் கேட்டபோது சொன்னேன். அவர் கேட்காமல் செய்யவில்லை. நான் கேட்டுத்தான் செய்தார்.

அதற்குப் பிறகு நீ சாறி கட்டவில்லை. யூலை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டாய். கோயில் திருவிழாவுக்குக் காற்சட்டையோடு வந்தாய். யாராவது கேட்டால், "இஞ்ச வளர்ந்த பிள்ளையள் இப்பிடித்தானே" என்று நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். எல்லாவற்றுக்கும் ஜெர்மனியைக் காட்டிவிடுவது எங்கள் ஆட்களுக்கு வசதி. அந்த நாடு வாய் திறந்து மறுக்காது.

என்னையும் ஒருமுறை இப்படி அளந்தார்கள். இதைச் சொல்லிப் பிழையைக் குறைக்கப் பார்க்கவில்லை, உனக்குத் தெரிந்திருக்கட்டும். அப்பாவுக்கு என்னைப் பேசிவந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு இடப்பெயர்வுக்குப் பிறகு எலும்பும் தோலுமாக இருந்தேன். ஜெர்மனிக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும். என் பெரியக்கா சட்டையை ஓர் அங்குலம் கூட்டித் தைப்பித்து, உள்ளே இரண்டு கைலேஞ்சித் துணியை மடித்து வைத்து, "கொஞ்சம் சதைப்பிடிப்பாத் தெரியோணும், அசையாமல் இரு" என்றார். அசைந்தால் ஒரு பக்கம் கீழே இறங்கிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து ஓமென்று சொன்ன உன் அப்பா, விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "நீர் ஏதாவது சாப்பிட்டனீரோ?" என்றுதான். எனக்குக் கூட்டினார்கள், உனக்கு நான் குறைத்தேன். எங்கள் இரண்டு பேரின் உடம்பையும் உள்ளபடி யாரும் எழுதவில்லை. இதை நான் முப்பது வயதிலேயே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

இதில் வெட்கப்படவேண்டிய இன்னொன்று என் வேலை. ஊரில் படித்த பட்டத்தை இங்கே யாரும் பார்க்காததால் அலுவலகங்கள் துடைத்தேன். பிறகு நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, "இந்த வயசில என்ன அவுஸ்பில்டுங்?" என்று கேட்டவர்களைப் பொருட்படுத்தாமல் தொழிற்பயிற்சி முடித்துக் கிண்டர்கார்டனில் சேர்ந்தேன். அங்கே முதல் நாளே சொல்லித்தந்தார்கள்: எந்தக் குழந்தையின் தட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் ஒரு சொல் சொல்லக்கூடாது. நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பகல் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளிடம், "போதுமா, இன்னும் வேணுமா, உனக்கே தெரியும்" என்று கேட்டுவிட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து உனக்கு வெள்ளரிக்காய் வெட்டியிருக்கிறேன். போன மாதம் மதியத் தூக்கத்தின்போது மூன்று வயதுப் பெட்டை ஒருத்தி என் வயிற்றில் தலையை வைத்து, இதுதான் இங்கே உள்ள எல்லா மெத்தையிலும் நல்ல மெத்தை என்று ஜெர்மனில் அறிவித்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதே வயிறு வீட்டுக் கண்ணாடியில் தெரிந்தால் வருகிற யோசனை வேறு.

உன் படிப்பிலும் நான் அளவை மாற்றியிருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். நீ மருத்துவத்துக்கு விண்ணப்பிக்காமல் இயந்திரவியல் எடுத்தபோது மாமி, "பொம்பிளைப் பிள்ளைக்கு இரும்போட என்ன வேலை?" என்று கேட்டார். நீ எனக்கு விளங்கப்படுத்தியிருந்தாய்: "ஒரு உலோகத்தை வளைச்சு வளைச்சு, அது எவ்வளவு தாங்கும், எங்க உடையும் எண்டு பாக்கிறது அம்மா." எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மாமியிடம் நான், அவள் மருத்துவ இயந்திரங்கள் செய்யத்தான் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். விளைவு உனக்குத் தெரியும். இரண்டு வருடமாக மாமி தன் முழங்கால் ஸ்கான் படங்களை எல்லாம் உனக்கு அனுப்பினார். நீயும் பாவம், "மாமி, இது எனக்கு விளங்காது, ஆனால் வடிவாயிருக்கு" என்று பதில் போட்டுக்கொண்டிருந்தாய். ஏன் உனக்கு அனுப்புகிறார் என்று நீ கேட்டபோது நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுவதற்கு அதில் ஒன்றுமே இருக்கவில்லை.

நீ பதினேழு வயதில் சுவர் ஏறுகிற அந்தக் கூடத்துக்குப் போகத் தொடங்கினாய். கை இன்னும் மொத்தமாகும் என்று எனக்குப் பயம். நல்லகாலம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் நீ வீட்டுத் திறப்பை மறந்துவிட்டுப் போக, அதைக் கொடுக்க வந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கையில்லாத பெனியனோடு நீ மேலே தொங்கிக்கொண்டிருந்தாய். கால் வைக்க இடமில்லை. இரண்டு கையும் உன் முழுப் பாரத்தையும் பிடித்துக்கொண்டு நின்றன. பிறகு ஒரு கையை விட்டாய். மற்றக் கை விடவில்லை. நீ ஊசலாடி அடுத்த பிடியை எட்டிப் பிடித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாய். அன்னத்தேர்ச் சில்லுக்கு உதட்டைக் கடித்து அடக்கிய அதே சிரிப்பு. அந்தக் கையைத்தான் நான் தாளில் ஓர் அங்குலம் வெட்டினேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். திறப்பை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு, உன்னைக் கூப்பிடாமலே U-பான் ரயிலுக்கு நடந்தேன்.

அப்படியிருந்தும் சொல்லவில்லை. சொல்ல வைத்தது போன மாதம் நாங்கள் குளிர்கோட்டு வாங்கப் போன நாள். பழைய கோட்டு எனக்குப் பூட்டுப்படவில்லை. இந்த வயதில் உடம்பு தன்பாட்டில் ஏதோ தீர்மானம் எடுத்துக்கொள்கிறது. நான் வழக்கமாகப் போடுகிற அளவையே எடுத்துக்கொண்டு உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போய், வயிற்றை எக்கி, சிப்பை மேலே இழுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். நீ திரையை விலக்கிப் பார்த்தாய். "மூச்சை விடுங்கோ அம்மா" என்றாய்.

"விட்டால் சிப் பிரியும்."

"பிரியட்டும். கோட்டுத்தானே அம்மா, அது உங்களுக்கு அளவா வரட்டும். நீங்கள் ஏன் அதுக்கு அளவா வாறீங்கள்?"

நீ பகிடியாகத்தான் சொன்னாய். ஓடிப்போய் இரண்டு அளவு பெரியதாக, கடும் பச்சையில் ஒன்றைக் கொண்டுவந்து, பூட்டி, காலரைச் சரிசெய்து, "இப்ப கையைத் தூக்குங்கோ. பஸ்ஸுக்குக் கை காட்டுறமாதிரி. பாத்தீங்களோ, ஏலுது!" என்றாய். எனக்கு அந்தக் கோட்டு வடிவாக இருந்தது. உண்மையாகவே வடிவாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ கார்ஹிங் அறையைப் பற்றியும் ஆய்வுகூடத்தைப் பற்றியும் கதைத்துக்கொண்டு வந்தாய். நான் பத்து வருடத்துக்கு முந்திய குசினியில் நின்றுகொண்டிருந்தேன். உன்னை அளந்தபோது நான் சொன்னதற்கு நேரெதிரானதை நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதை யார் உனக்குச் சொல்லித்தந்தார்கள் என்று தெரியாது. நான் இல்லை.

நேற்று மாமிக்கு ஃபோன் எடுத்தேன். உன் அளவைக் கேட்டு நாலாவது தரம் செய்தி அனுப்பியிருந்தார். நான் முதலில் நின்றுகொண்டு கதைத்தேன், பிறகு இருந்துவிட்டேன். "மச்சாள், பிள்ளை சாறி கட்டமாட்டன் எண்டுறதுக்கு அவளின்ர படிப்புக் காரணமில்லை. நான்தான் காரணம்" என்று தொடங்கி, தாள், அங்குலம், ஏழு பின், உன் மன்னிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவ இயந்திரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப என்ர முழங்காலை அவள் பாக்கேல்லையோ?" என்றார் மாமி.

"இல்லை மச்சாள். அவளுக்கு அது தெரியாது."

மாமி குரலை இறக்கி, பக்கத்து அறையில் சுபா இருக்கிறாள் போல, "உமக்கு மட்டும் சொல்லுறன். நானும் இந்தப் பெட்டைக்கு அரை அங்குலம் குறைச்சுத்தான் அனுப்பினனான். கூறைச் சட்டைக்கு. ஈஸ்டருக்கிடையில இறங்கீடுவாள் எண்டு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் அவசரமாகக் கேட்டேன்: "சுபாவுக்குத் தெரியுமோ?"

"விசரே உமக்கு? தெரிஞ்சால் என்னைக் கொன்றுபோடுவாள்." பிறகு என்ன நினைத்தாரோ, "அங்க இப்ப எத்தினை மணி? தையல்காரி முழிச்சிருப்பாள் என்ன? வையும், வையும். வெட்டிப்போடுவாள், முதல் அவளுக்கு எடுக்கோணும்" என்று என் பதிலைக் கேட்காமலே வைத்துவிட்டார். கால் மணித்தியாலத்தில் ஒரு செய்தி வந்தது: "வெட்டேல்லை. சரியான அளவு குடுத்திட்டன். உள்ளுக்குத் துணியும் விடச் சொன்னனான். பிள்ளைக்குச் சொல்லும், மாமி கோவமில்லையாம்." அதற்குக் கீழே ஒரு முழங்கால் படம். பழக்கதோசம்.

பிறகு நான் வரவேற்பறைக்குப் போய், கதிரை மேல் ஏறி, உன் பெரிய படத்தைக் கழற்றினேன். அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டார்: "இஞ்சரும், எங்க பிள்ளையின்ர படம்?" சொன்னேன். அவருக்கும் முழுக்க இப்போதுதான் தெரியும். "நான் அண்டைக்கு எடுத்த ஒண்டு இருக்குது" என்று தன் பழைய ஃபோனைத் தேடி எடுத்து, சார்ஜில் போட்டு, அது உயிர்வரும்வரை அதற்கு முன்னாலேயே இருந்தார். விழா முடிந்து மண்டபத்துக் குசினியில் எடுத்த படம். தலையில் நகை அப்படியே இருக்க, உடம்பில் சுபாவின் ரீ-சேட்டோடு நீ கைக்கு ஒன்றாக இரண்டு ரோல்ஸ் வைத்துக்கொண்டு நிற்கிறாய். வாய் நிறைய இருக்கிறது. கை உன் கையாக இருக்கிறது. அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாமா என்று உன்னைக் கேட்டுத்தான் மாட்டுவோம். அதுவரைக்கும் அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும்.

குஞ்சு, நீ கொழுத்துப் போகவில்லை. நீ வளர்ந்தாய். சட்டையை நான்தான் சின்னதாகக் கேட்டுத் தைப்பித்தேன். பத்து வருடம் பிந்திவிட்டாலும், நீ அன்று கேட்ட மன்னிப்பை உன்னிடமே திருப்பித் தருகிறேன். அது என்னிடம் இருக்க வேண்டியதில்லை. என்னுடையதை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். உடனே பதில் எழுத வேண்டாம். கோபம் வந்தால் கோபி, ஃபோனில் கத்து, ஜெர்மனில் கத்தினாலும் எனக்கு விளங்கும்.

சுபாவுக்கு நீ வரவேண்டும். எந்த உடுப்போடு என்பது அவளுக்கு இப்போது பிரச்சினை இல்லையாம். காற்சட்டையோடு வந்தாலும் தனக்குப் பக்கத்தில் முதலாவதாக நீதான் நிற்க வேண்டும் என்று இன்று காலை எழுதியிருக்கிறாள். சாறி கட்டுவதா இல்லையா என்று நான் ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. மாமிக்கு உன் அளவை நான் அனுப்பவும் மாட்டேன். உன் பெரிய பெட்டியின் உள்பைக்குள், கம்பளிக் காலுறைக்குக் கீழே கையை விட்டுப் பார். நீ போவதற்கு முதல் நாள் நான் அளவு நாடாவைச் சுருட்டி வைத்தேன். அப்போது சொல்ல வாய் வராமல் அதை மட்டும் வைத்தேன். விரும்பினால் நீயே அளந்து நேரே தையல்காரிக்கு அனுப்பு. விருப்பமில்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கட்டும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை பிழையில்லாமல் அளக்கப் படிக்கிறவளுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. உடுப்பு மாற்றும் அறையில் நீ எனக்குச் சொன்னதை மட்டும் உனக்கே திருப்பிச் சொல்கிறேன். அளக்கும்போது மூச்சை விடு.

அம்மா